சோடாக் கடன் வாங்கிய ராமாமணி

ஓடிப்போனாளாம்! ராமாமணியை ஒரு தரம் கண்ணால் பார்த்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்வார்களா? அன்னூர் பஸ் புறப்பட்டுவிட்டது என்று கண்டக்டர் விசில் அடித்தால்கூட அவள் பாட்டுக்கு ஆடி அசைந்துதான் வருவாள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு, நிறுத்தி, ஏற்றிக்கொண்டு போவான். மழைக்கு ஓடாதவள், வெறிநாய்க்கு ஓடாதவள், ஆம்பளைக்காக ஓடினாளாம்.

அதுவும் யாரோடு? சிறுதொழில் வகுப்பு நடத்த வந்த அழகிரிசாமி மாஸ்டரோடு! அந்த மனிதருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். ஒரு கையில் சாக்பீஸ், இன்னொரு கையில் கைக்குட்டை. ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதற்கு மூன்றாவது கைக்கு அவர் எங்கே போவார்?

இந்தக் கதையைக் குழாயடியில் அவிழ்த்துவிட்டவள் கனகம். கனகம் வேறு யாருமில்லை, ராமாமணிக்கு ஓரகத்தி. ராமாமணி போன நாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு மூட்டவேண்டி வந்தவளும் அவள்தான். விறகுப் புகை கண்ணில் ஏறினால் மனுசிக்கு என்னென்னவோ தெரியும். தெரிந்ததையெல்லாம் அவள் சொல்லட்டும். நடந்ததை இங்கே சொல்லிவிடலாம்.

ராமாமணி வாழ்க்கைப்பட்டது நாயுடு வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வீதியில் தமிழ். சண்டை முற்றினால் மட்டும் வீட்டுக்குள்ளும் தமிழ், அக்கம்பக்கத்துக்கும் விளங்கவேண்டுமே. புருஷன் திருமலைசாமி நல்ல மனுசன். நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான், ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. அவன் தொடங்கி முழுசாக முடித்த காரியம் அது ஒன்றுதான் என்று அவனைப் பெற்ற பங்காரம்மாவே சொல்வாள். பிள்ளை குட்டி கிடையாது. முப்பது வயசு ஆவதற்குள் தாலி இறங்கிய ராமாமணி, வேறு போக்கிடம் இல்லாததால், புருஷனின் அண்ணன் வெங்கடபதியின் குடும்பத்தோடேயே இருந்துகொண்டாள். இருந்துகொண்டாள் என்றால் அடுப்பங்கரையில். வீட்டு மனுசர், பண்ணையத்து ஆள்கள், பருத்திக்கு விலை பேச வந்த வியாபாரி, ஓட்டுக் கேட்க வந்த கட்சிக்காரன் என்று அத்தனை பேருக்கும் அவள் கைச்சோறு. வெங்கடபதியின் பெண்டாட்டி கனகத்துக்கு இடுப்பு வலி. அடுப்பங்கரை நிலைப்படியைத் தாண்டும்போது மட்டும் வரும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது அது கூடவே வராது.

நம் பக்கத்து மரியாதையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒருத்தர் வீட்டுக்குப் போகிறோம். "சாப்பிடுங்க" என்கிறார்கள். உடனே உட்கார்ந்துவிடக் கூடாது. வயிறு காய்ந்து முதுகில் ஒட்டியிருந்தாலும் "இப்பத்தானுங்க ஆச்சு" என்று சொல்லவேண்டும். மறுபடி கூப்பிட்டால் "அட, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று பின்னால் நகரவேண்டும். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்போது "நீங்க இத்தனை சொல்லும்போது எப்படிங்க தட்டறது" என்று உட்கார்ந்து, வெட்கமில்லாமல் மூன்று தரம் ரசம் வாங்கலாம். கூப்பிட்ட உடனே உட்கார்கிறவன் பஞ்சத்தில் அடிபட்டவன். ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு விட்டுவிடுகிறவன் கஞ்சன். இரண்டு பேருக்கும் ஊரில் பேர் கெட்டுப்போகும்.

இந்த ஆட்டத்தில் ராமாமணி ஊரையே தூக்கிச் சாப்பிட்டவள். மூன்றாம் தரத்துக்கும் வேண்டாம் என்பாள். நான்காம் தரம் அந்த வீட்டில் யாரும் கேட்டது கிடையாது. அவளுக்கென்று எடுத்த தீபாவளிச் சேலைகள் பாதி இப்படியே கனகத்தின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. பிறந்து வளர்ந்ததிலிருந்து "வேணும்" என்கிற சொல் அவள் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை.

நயா பைசா வந்து ஊர்க்காரர்கள் ஒருவழியாகச் சரியாகச் சில்லறை கொடுக்கப் பழகியிருந்த சமயம். சர்க்காரில் புதுசாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். கிராமத்து ஆள்களுக்குத் தொழில் நடத்தச் சொல்லிக்கொடுப்பது; வகுப்பை முழுசாகக் கேட்டவர்களில் ஆசையுள்ளவர்களுக்குச் சின்னதாகக் கடன் கொடுப்பது. பள்ளிக்கூடம் விட்டபிறகு அதே கட்டிடத்தில் சாயங்காலம் வகுப்பு. வருகிறவர்களுக்குப் போண்டாவும் டீயும் உண்டு என்று தமுக்கு அடித்துச் சொன்னதும், அதுவரை தொழில் என்றால் என்னவென்றே யோசிக்காத பத்துப் பன்னிரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

போண்டாக் காண்டிராக்ட் பஞ்சாயத்துத் தலைவருக்கே கிடைத்தது. தலைவர் நம்ம வெங்கடபதி. போண்டா போட்டது ராமாமணி. காசு போனது வெங்கடபதியின் இரும்புப் பெட்டிக்கு.

போண்டாவைக் கொண்டுபோய் வைத்தால், காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வரும்வரை காத்திருக்கவேண்டும். நின்றுகொண்டே இருந்தால் கால் கடுக்கும். உட்கார இடம் பார்த்தாள். பின்வரிசைப் பெஞ்சு ஒன்று தானாகவே காலியாகி இருந்தது. பண்ணையத்தில் வேலை செய்கிற சேரி ராசப்பனும் வகுப்புக்கு வந்திருந்தான். மாஸ்டர் வெளியூர் ஆள். "நிக்காதீங்க, பெஞ்சில் உட்காருங்க" என்று சொல்லிவிட்டார். ராசப்பன் உட்கார்ந்த அதே நிமிஷம், அந்தப் பெஞ்சில் இருந்த மூன்று பேருக்கும் வெற்றிலை துப்புவதற்கு வெளியே போகவேண்டியிருந்தது. அப்புறம் அவர்கள் ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று நின்றுகொண்டார்கள். ராமாமணி போய்ப் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள். ராசப்பன் இருந்த பக்கம் அரையடி மேலே போயிற்று.

"ஏனுங்க அம்மணி, சித்தெ நடுவால வாங்க. நான் உழுந்துருவேன்" என்றான் அவன்.

"நீ நெகந்து வா. நான் நெகர ஆரம்பிச்சா பெஞ்சு தாங்காது" என்றாள்.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் பாதி தும்மலில் போய்விடும். மீதிப் பாதி நன்றாகவே இருந்தது. ஒரு நாள் சரக்கின் அடக்கவிலை பார்ப்பது எப்படி என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த போண்டாவையே தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு என்னென்ன செலவு?"

"கடலைமாவுங்க." "எண்ணெயிங்க." "வெங்காயமுங்க." ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"இன்னும்?"

"விறகுங்க."

"இதைப் போட்டவங்களுக்குக் கூலி?"

வகுப்பு முழித்தது. ஜன்னலில் நின்ற ஒருத்தர் சிரித்துவிட்டார். "அவுங்க தலைவரூட்டு மனுசிங்க. அவுங்களுக்குப் போயி என்னங்க கூலி?"

மாஸ்டர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "செய்யறவங்க கூலியைச் சேர்க்காமல் கணக்குப் போட்டு, மிஞ்சினதை லாபம்னு பெட்டியில் வைக்கறது வியாபாரம் இல்லைங்க. களவு."

அவர் பொதுவாகத்தான் சொன்னார். யார் பெட்டி என்று அவருக்குத் தெரியாது. ராமாமணிக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் வெங்கடபதிக்குப் பரிமாறிக்கொண்டே கேட்டாள். புருஷனின் அண்ணனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாவா, எனக்குக் கூலி என்னங்க?"

"எதுக்குக் கூலி?"

"போண்டாவுக்குங்க. அப்புறம் இந்தச் சோத்துக்குங்க."

வெங்கடபதிக்குச் சிரித்துச் சிரித்து ரசம் மூக்கில் ஏறிவிட்டது. "ஏம்மணி, நீ என்ன கூலிக்காரியா? நீ இந்த ஊட்டு மகாலட்சுமி!"

மகாலட்சுமி கொல்லைப்புறத்துப் பொடக்காலிக்குப் போய், கரிபிடித்த குண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. இந்தக் கை செய்கிற வேலைக்குக் காசு இந்தக் கைக்கே வரவேண்டும். பெரிய பங்களா, நகைநட்டு, காசி யாத்திரை எதுவும் அவள் நினைக்கவில்லை. இது ஒன்றுதான். ஆனால் இந்த ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்தால் கிடைக்காது.

வகுப்பு முடிகிற வாரத்தில் மாஸ்டர் ஒவ்வொருவராக எழுப்பி, என்ன தொழில் செய்ய ஆசை என்று கேட்டார். ஒருத்தர் கோழிப்பண்ணை என்றார். ஒருத்தர் ரைஸ்மில். ஜன்னல்காரர், "சர்க்கார் கடனை வாங்கி வெளியில வட்டிக்கு விடலாம்னு இருக்கறேனுங்க" என்றார். மாஸ்டர் தும்மாமல் நின்ற ஒரே நேரம் அதுதான். ராசப்பன் எழுந்து, "வாடகைச் சைக்கிளுங்க" என்றான்.

"சோடாவுங்க" என்றாள் ராமாமணி.

அவளை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மாஸ்டர் விடவில்லை. "ஏன் சோடா?"

"என்ற போண்டாவைத் தின்னுபோட்டு எல்லாரும் நெஞ்சை நீவிக்கிட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போறாங்க. நம்மூருல சோடா கெடையாது. கண்ணாலங்காச்சின்னா கலரு கோயமுத்தூர்ல இருந்து பஸ் மேல வருது. வந்து சேர்றதுல பாதி ஒடஞ்சு போகுது. மீதி சுடுது."

வகுப்பே கைதட்டியது. முதல் பாதிக்குத்தான் தட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசி நாள் கோயமுத்தூரிலிருந்து ஜீப்பில் ஓர் ஆபீசர் வந்தார். கடனுக்கு ஆள் பொறுக்குகிறவர் அவர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். நம் பக்கத்துக்கு வந்து மாசம்கூட ஆகவில்லை. ராமாமணி போண்டாத் தட்டை நீட்டி, "எடுத்துக்குங்க" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டை எடுத்துவிட்டார். சபையே திடுக்கிட்டது. "பாவம், காலையிலிருந்து பட்டினி போலிருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளைக் கேட்டார். "உங்களுக்குக் கடன் வேணுமா?"

கோழிப்பண்ணைக்காரர் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு, "அதெல்லாம் எதுக்குங்க. உங்க தயவு இருந்தாப் போதுமுங்க" என்றார்.

ஆபீசர் பேரை அடித்தார். "அடுத்தவர்? உங்களுக்கு?"

"வேண்டாமுங்க. ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல ஓடுதுங்க."

அதையும் அடித்தார். இப்படியே போயிற்று. வட்டிக்கு விட இருந்தவர்கூட "எனக்கென்னுங்க கொறைச்சல்" என்று சொல்லிவிட்டார். ராசப்பன் "பெரியவுங்களுக்கே வேண்டாம்னா எனக்கெதுக்குங்க" என்றான். கடைசியில் மாஸ்டர் ராமாமணியைக் கைகாட்டினார். "இந்த அம்மாவும் முழு வகுப்பும் கேட்டவங்க சார். சோடாத் தொழில்."

"என்னம்மா, கடன் வேணுமா?"

தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது வாயில் நின்று, பழகின வழியிலேயே திரும்பிக்கொண்டது. "எதுக்குங்க ஐயா. வேண்டாமுங்க."

சொல்லிவிட்டு, ஆபீசர் மறுபடி கேட்பதற்காகச் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நின்றாள். எல்லோருமே அப்படித்தான் நின்றார்கள். ஆபீசர் பேனாவை மூடினார், கும்பிட்டார், ஜீப்பில் ஏறினார். புழுதி அடங்கும்வரைக்கும் அவர் திரும்பி வந்து இரண்டாம் தரம் கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பத்து நாள் கழித்து மாஸ்டர் ஒரு சேதியோடு வந்தார். இந்த ஊரில் எல்லோரும் வசதியாக இருக்கிறார்கள், யாருக்கும் கடன் தேவையில்லை என்று ஆபீசர் எழுதிவிட்டாராம். இங்கே வரவேண்டிய பணம் வேறு ஊருக்குத் திரும்பப் போகிறதாம்.

"நாங்க எப்பங்க வேண்டாம்னோம்?" என்று கொதித்தார் கோழிப்பண்ணைக்காரர்.

"நான் பக்கத்துலதானே நின்னேன்? வேண்டாமுங்கன்னு சொன்னீங்களே!"

"அது வேண்டாம்னு சொன்னதுங்களா? அது மரியாதைங்க!"

மாஸ்டர் பாவம், தலையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. பணம் இன்னும் திரும்பலை. நேரில் போய் வேணும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அதற்கு ஒருத்தரும் அசையவில்லை. வேண்டாம் என்று சொன்ன வாயால் போய்க் கேட்பதா? அவன் வேண்டுமானால் வந்து கேட்கட்டும். ஆளுக்கொரு மீசை இருந்தது, அதை முறுக்கினார்கள். மீசை இல்லாதவள் ராமாமணி ஒருத்திதான். மறுநாள் காலையில் எல்லோருக்கும் சோறாக்கி வைத்துவிட்டு, பல்வலிக்கு மருந்து வாங்கிவருகிறேன் என்று பங்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

கனகம் சொல்கிற "ஒரே பஸ்ஸில் போனார்கள்" இதுதான். போனார்கள், உண்மைதான். ஆபீசர் வீட்டைக் காட்ட மாஸ்டர் வேண்டுமே. அவர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். இவள் பொம்பளைங்க சீட்டில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு மூட்டை வெங்காயமும் சென்னிமலைப் போர்வை விற்கிற ஒருத்தரும் அவருடைய சுமையும். அந்தச் சுமையைத் தாண்டிக் காதல் பண்ணுவதற்கு ஏணி வேண்டும்.

ஆபீசர் வீடு ஆர்.எஸ்.புரத்தில். அவர் குளித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வாசலோடு நின்றுகொண்டார். ராமாமணியை ஆபீசரின் சம்சாரம் அம்புஜம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். வெயிலில் வந்தவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"காப்பி சாப்பிடறேளா?"

"வேண்டாமுங்க. இப்பத்தானுங்க குடிச்சேன்."

"அப்படியா, சரி" என்று அம்புஜம் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு டம்ளர். ராமாமணி மரியாதைக்கு எழுந்து நின்றாள். அம்புஜம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காப்பியை ஆற்றி, அவளே குடித்தாள். வாசனை மட்டும் ராமாமணிக்கு வந்தது.

முதலில் ராமாமணிக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய வீட்டில் இப்படி ஒரு கஞ்சத்தனமா என்று பார்த்தாள். ஆனால் அம்புஜத்தின் முகத்தில் கஞ்சத்தனமே இல்லை. ஊர் எது, என்ன மழை, குழந்தைகள் உண்டா என்று பிரியமாகக் கேட்டுக்கொண்டே குடித்தாள். வேண்டாம் என்றாய், அதனால் தரவில்லை. அவ்வளவுதான். இவர்களிடம் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை, தோண்டி எடுக்கவும் ஒன்றும் இல்லை. இப்படியும் மனுசர்கள் இருக்கிறார்கள் என்று ராமாமணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆபீசர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே வந்தார். போண்டாவை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டார். வந்த விஷயத்தை மாஸ்டர் வாசலிலிருந்தே தும்மித் தும்மிச் சொன்னார்.

"அன்னிக்கு வேண்டாம்னு சொன்னேளேம்மா?"

"சொன்னேனுங்க. நீங்க மறுக்கா கேக்கவே இல்லியேங்க."

"வேண்டாம்னு சொன்னவாளை எதுக்கு மறுபடியும் கேக்கணும்?"

"ஒரு தரம் கேட்டா அது கேட்டதாகுங்களா ஐயா? எங்கூருல பிச்சைக்காரனைக்கூட ரெண்டு தரம் கூப்புடுவமுங்க."

ஆபீசர் அவளையே பார்த்தார். சிரிப்பை அடக்குவது மாதிரி இருந்தது. "சரி, இப்போ கேக்கறேன். கடன் வேணுமா, வேண்டாமா?"

ராமாமணிக்கு வேர்த்துவிட்டது. பிரசவ வலி கண்டவள் மாதிரி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.

"வேணும்."

ஒரு 'ங்க' கூடச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அது வேண்டாமாக மாறிப்போயிருக்கும் என்று அவளுக்குப் பயம். சொன்னபிறகு வீடு இடிந்து விழவில்லை. ஆபீசர் பேனாவைத் திறந்தார். கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடலாம் என்று அம்புஜத்தின் பக்கம் திரும்பி, "காப்பியும் வேணும்" என்றாள். அம்புஜத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை, எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். ராமாமணி அதைக் குடித்துக்கொண்டே ராசப்பனின் பேரையும் திரும்பச் சேர்க்கவைத்தாள். மீசைக்காரர்களின் பேரை அவள் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன குறைச்சல்?

கடனுக்கு நிலம் உள்ள ஒருத்தர் ஜாமீன் நிற்கவேண்டும் என்றார் ஆபீசர். ராசப்பனுக்கு மாஸ்டரே யாரையோ பிடித்துக் கொடுத்தார். ராமாமணி நேராக வெங்கடபதியிடம் போனாள்.

"பாக்கலாம் அம்மணி" என்றான் வெங்கடபதி.

நம் பக்கத்தில் இல்லை என்று சொல்வதற்கு அதைவிட மரியாதையான சொல் கிடையாது. ஒரு மாசம் பார்த்தான். பார்த்துக்கொண்டே, சோடாக்கடைக்கு எந்த மாதிரி ஆள்கள் வருவார்கள், மதுவிலக்குப் போலீஸ் எப்படி மோப்பம் பிடிப்பார்கள், மகளுக்கு வரன் வருகிற வீட்டில் இதெல்லாம் எப்படி இருக்கும் என்று சாப்பாட்டு வேளைதோறும் கனகத்திடம் சொல்வான். ராமாமணியின் காதில் விழவேண்டும் என்று தமிழில் சொல்வான். யார் சமைப்பது என்கிற ஒன்றை மட்டும் அவன் சொல்லவே இல்லை.

ஆனால் அந்த வீட்டு நிலத்தில் கிணற்று மேட்டுப் பங்கு மாமியார் பங்காரம்மாவின் பேரில் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கடன்காரர்களுக்குப் பயந்து பெண்டாட்டி பேரில் எழுதி வைத்தது. கடனுக்குப் பயந்து எழுதின நிலம், கடனுக்கு ஜாமீன் நிற்கப் போனதைப் பார்க்க அவர் இல்லை.

"ஏண்டி, வெறும் சோடாத்தானா, கலரும் போடுவியா?" என்று கேட்டாள் பங்காரம்மா. பொடி போட்டு மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"கலரும் உண்டுங்க அத்தை."

"நன்னாரி?"

"நன்னாரியும் போடுவேனுங்க."

"எனக்குத் தெனம் ஒண்ணு. நான் சாகற முட்டும். காசு பேசக் கூடாது."

ராமாமணி கொஞ்சம் யோசித்தாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாளுங்க அத்தை. என்ற கூலி சேரோணுமல்ல."

"கட்டையில போறவளே!" என்று பங்காரம்மா கத்தினாள். கத்தி முடித்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள். மாஸ்டர் கொண்டுவந்த மையை அதில் தடவினார்கள்.

இது தெரிந்த அன்றைக்கு வெங்கடபதி வீட்டையே தூக்கி நிறுத்தினான். அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. அதையும் சேர்த்து ராமாமணியின் தலையில் கொட்டினான். கடைசியில் விரலை ஆட்டிச் சொன்னான்: "கடை வெச்சா இந்த ஊட்டுல இருக்கக் கூடாது. வெளிய போனா, அப்புறம் இந்த அடுப்பங்கரையில நீ கால் வெக்கக் கூடாது. ஆமா!"

அதை அவன் மிரட்டல் என்று நினைத்துச் சொன்னான்.

"நெசமாவுங்களா பாவா?" என்றாள் ராமாமணி. கொழுக்கட்டையைக் கண்ட பிள்ளையார் மாதிரி அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கனகத்துக்கே முதல் தடவையாக இடுப்பு நிஜமாக வலித்தது.

மிஷினைக் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் அப்துல் வஹீது என்பவரிடம் வாங்கினாள். அவருக்கு வயசாகிவிட்டது, பழைய மிஷினையும் பாட்டில் பெட்டிகளையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு உட்காரலாம் என்று இருந்தார். கோலியை எப்படிப் போடுவது, காஸை எவ்வளவு விடுவது, சக்கரத்தை எப்படிச் சுற்றுவது என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். அவள் பஸ்ஸில் போய்வந்தாள். அவர் முகத்துக்குப் போட்டுக்கொள்கிற கம்பி வலையைக் கொடுத்து எச்சரித்தார். "அம்மா, அழுத்தம் ஜாஸ்தியானா பாட்டில் சொல்லாமல் வெடிக்கும். முகத்துல கண்ணாடி அடிக்கும். பயப்படக் கூடாது."

"நீங்க எங்க ஓரகத்தியப் பாத்ததில்லியேங்க" என்றாள். வஹீது பாய் பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

பஸ் நிற்கிற புளியமரத்தடியில், முன்னே பருத்தி எடை போட்ட கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதை வாடகைக்குப் பேசினாள். பின்பக்கம் ஒரு தட்டி மறைத்தால் படுக்க இடம்.

அவள் வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளைத்தான் கனகம் வாய் கூசாமல் மாற்றிச் சொல்கிறாள். நட்ட நடு மத்தியானம் அது. மிஷின் வந்து இறங்கிய வண்டியையே ராசப்பன் வாசலுக்கு ஓட்டிவந்து நிறுத்தியிருந்தான். மாஸ்டர் அந்த நேரம் நாலு ஊர் தள்ளி இன்னொரு பள்ளிக்கூடத்தில் இன்னொரு போண்டாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், வகுப்பே சாட்சி. தண்ணீர் எடுக்கிற சாக்கில் வீதிப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு நின்றார்கள். யார் குடத்திலும் தண்ணீர் இல்லை.

ராமாமணி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடை வரைக்கும் வந்தாள். வீதியில் கூட்டம் நிற்பதை வெங்கடபதி பார்த்தான். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டிலிருந்து ஒருத்தி வெறும் வயிற்றோடு போனாள் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. குரலை உயர்த்தித் தமிழில் சொன்னான்:

"சாப்புட்டுட்டுப் போ அம்மணி. இந்த ஊட்டுல இருந்து ஒருத்தரும் பசியோட போனதில்ல."

"சரிங்க பாவா" என்றாள் ராமாமணி.

பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். ஆம்பிளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற கூடத்தில், நடுச்சுவரில் சாய்ந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெங்கடபதி அடுப்பங்கரையைப் பார்த்தான். அடுப்பு மூட்டவே இல்லை. மூட்டுகிறவள் அன்று காலையில் மூட்டவில்லை. மற்றவர்கள் அவள் மூட்டுவாள் என்று இருந்துவிட்டார்கள். வீதியிலிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரியும். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

"கனகம்" என்றான் வெங்கடபதி, ரொம்ப மெதுவாக.

கனகம் இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உள்ளே போனாள். ஊதுகுழலைத் தேடினாள், அது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ராமாமணி கூடத்தில் இருந்தபடியே "மாடத்துல இருக்குதுங்க அக்கா" என்றாள். ஈர விறகு புகைந்து வீடே இருண்டது. பங்காரம்மா பொடிமட்டையோடு வந்து ராமாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், எனக்கும் ஓர் இலை போடு என்று. வீதிப் பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ராசப்பன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி மறுபடி பூட்டினான்.

ஒருவழியாக அரிசிம்பருப்புச் சோறு வந்தது. அடியில் கருகி, மேலே வேகாமல். ராமாமணி இலையில் தண்ணீர் தெளித்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இன்னொரு மனுசி ஆக்கிப் போட்டு அவள் தின்றது அன்றைக்குத்தான். ஒரு வாய் தின்றாள், மென்றாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் நெய் வேணுங்க அக்கா."

கனகம் நெய் ஊற்றினாள். கண்ணெல்லாம் சிவந்து தண்ணியாய் வழிந்தது; புகையா வேறா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. ராமாமணி மறு சோறும் வாங்கினாள். கருகினதைக்கூட ஒதுக்காமல் தின்று முடித்து, இலையை மடித்துவிட்டு, கை கழுவினாள். இலையை எடுத்துப் போடவில்லை.

"வாரேனுங்க அத்தை. பாவா, வாரேனுங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். அவள் ஏறியதும் வண்டி பின்பக்கம் சாய, முன்னால் மாடுகள் கழுத்தைத் தூக்கின. "ராசப்பா, நுகத்துக்கிட்டக் குந்து" என்றாள். அவன் முன்னால் தாவி உட்கார்ந்தபிறகு வண்டி நேரானது. சக்கரம் உருண்டது. பாட்டில்கள் பெட்டிக்குள் கிணுகிணுத்துக்கொண்டு போயின.

வண்டி வீதிக் கோடிக்குப் போயிருக்கும். உள்ளே ஈஸிசேரில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த வெங்கடபதி, வழக்கமாக அந்த நேரத்துக்கு ராச்சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறதைக் கேட்டான்.

"அம்மணி, பொழுதோட என்ன கொழம்பு?"

அடுப்பங்கரையில் கனகம் இருமிக்கொண்டிருந்தாள்.